இறக்கையின் மறுபக்கம்

துணியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஃபக்ருன்னிசா ஊசியைச் செருகுகிறார். நடுவிரலில் மாட்டியிருக்கும் பித்தளைத் தொப்பியால் டொக், டொக். தையற்காரர்கள் அதை அங்குஸ்தான் என்பார்கள். தட்டியதும் ஒரு மூச்சு நேரம் காத்திருக்கிறார். பிறகு, ஒரு முழத்துக்குச் சற்றே குறைவான ஊசியைப் பாதிவரை துணிக்குள் தள்ளிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, எதிரில் சுவர்போல நிறுத்தியிருக்கும் விமான இறக்கையின் ஓரமாகவே நடந்து, நுனியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகிறார். அங்கே ஊசிமுனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை இழுத்து முடிச்சுப் போடுகிறார். மறுபடியும் இரண்டு தட்டு. மறுபடியும் காத்திருப்பு. ஊசியை இந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, அதைப் பிடிக்க இந்தப் பக்கம் நடந்து வருகிறார்.

அறுபத்தேழு வயது. வலது முழங்கால் மடங்கும்போது சத்தம் போடும். இறக்கையோ ஐந்து மீட்டர் நீளம். அப்படி நான்கு இறக்கைகள். காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை நான்கரை வரை இந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நமக்கே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். "மறுபக்கம் யாரையாவது நிறுத்திக்கக் கூடாதாம்மா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். "நின்னாங்களே. தொரத்திட்டேன்" என்றார்.

நான் அங்கே போனது விமானத்தைப் பற்றி எழுத. வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் பின்புறக் கொட்டகையில் நூறு வருடத்துக்கு முந்தைய மாதிரியில் ஒரு போர்விமானம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பத்திரிகை ஆசிரியரிடம் நானே வலியப் போய் வாங்கிக்கொண்ட வேலை. வடக்கே எங்கோ திறக்கப்போகும் ஒரு காட்சியகத்துக்காகச் செய்கிறார்கள். பறக்காது; ஆனால் பறப்பதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அசலில் இருந்தபடியே இருக்கும். விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற இருதயராஜ் என்பவர்தான் பொறுப்பு. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அதையே அரைமணி நேரம் தேடுகிற மனிதர்.

அவர் காட்டிய பழைய புகைப்படங்கள் மொத்தமே மூன்று. மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி இறக்கை, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். இரண்டு இருக்கை. முன்னால் ஓட்டுபவர், பின்னால் துப்பாக்கிக்காரர். பின்னால் இருப்பவர் வாலைப் பார்த்துத் திரும்பி உட்காருவார், அதாவது இருவரும் முதுகோடு முதுகு. முதல் உலகப்போர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள், சீமையில் சோதனைக்காக ஒன்றே ஒன்று செய்து பார்த்தார்களாம். ஓட்டினார்கள், குறித்துக்கொண்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது விமானம் செய்யப்படவே இல்லை. ஒழுங்காக ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ஓர் எழுத்தும் நான்கு எண்ணும்தான். உலகத்தில் தனக்கு ஜோடி இல்லாமலே பிறந்து, ஜோடி இல்லாமலே உடைபட்டுப் போன விமானம்.

"சோதனை ஓட்டத்துல பின்னால ஆளையே ஏத்தலை சார்" என்றார் இருதயராஜ். "ஆளோட எடைக்கு மணல் மூட்டை கட்டிட்டுப் பறந்திருக்காங்க. கடைசிவரைக்கும் அந்தப் பின்சீட்டுல மனுஷன் உட்காரவே இல்லை."

இறக்கையின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மூட்டையா? அட அல்லாவே. முன்னாடி குந்தினவன் யாராண்டதான் பேசினு போவான்?"

ஃபக்ருன்னிசாவை நான் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். எழுதப்போனது அன்றோடு திசை மாறிவிட்டது. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

கொட்டகையில் அவரை எல்லாரும் பாயம்மா என்கிறார்கள். குள்ளம். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அங்கே மெழுகு போட்ட நூலைச் சுற்றியிருக்கிறார். பூந்தமல்லியில் சொந்தமாக ஓர் ஓட்டு வீடு. கணவர் தவறிப் பத்தொன்பதாவது வருடம். மகன் ஜமீர் மஸ்கட்டில். மகள் இஃபத்தைக் கட்டிக்கொடுத்தது வாணியம்பாடியில். மதியம் ஒரு மணிக்கு மகள் பேசுவாள். "சோறு ஆச்சா" என்று அவள் கேட்பதும், "வேலையில கீறேன், வையி" என்று இவர் சொல்வதும் எனக்கு மனப்பாடம். போனை வைத்த பிறகு அதன் திரை அணையும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஒரு நிமிடம் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது.

சில விநோதங்களும் உண்டு. பேருந்தில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். இருவர் இருக்கையில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தால் அங்கேதான் போய் ஒண்டிக்கொள்வார். கடையில் வெண்டைக்காய் வாங்கும்போது, "ஒருத்திக்குத்தான்" என்று கேட்காமலேயே சொல்லிவிட்டுப் பொறுக்குவார். இடது கைக்காரர். "சின்ன வயசுல இந்தக் கைமேல எத்தினி அடி தெரியுமா? நொட்டாங்கை நொட்டாங்கைன்னு. அது பாட்டுக்கு அது செஞ்சிகினேதான் இருந்துச்சி." ஆனால் இறக்கையின் மறுபக்கத்தில் மட்டும் ஊசியை வலது கைக்கு மாற்றிக்கொள்வதைப் பார்த்தேன். வலது கை மெதுவாகத் தடுமாறும், முடிச்சு ஒரு தடவையில் விழாது. இடது கை ஓய்ந்துபோயிருக்கும், பாவம், மாற்றி மாற்றி வேலை வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இறக்கைக்கு உள்ளே மரத்தில் விலா எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. மேலே லினன் துணி போர்த்தி, வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசிக் காயவைத்தால் துணி விறைத்துக்கொள்கிறது. தட்டினால் மத்தளம்போலச் சத்தம் வருகிறது. பிறகு விலா ஒவ்வொன்றையும் துணியோடு சேர்த்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் குத்தி வாங்கித் தைக்க வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலை. மாணவிகளை இருதயராஜ் முறைபோட்டு நிறுத்தியிருந்தார். "அந்த பவ்யா பொண்ணு நல்ல பொண்ணுதான்" என்றார் பாயம்மா. "ஆனா தட்டுனா காதுல வாங்க மாட்டா. ஒரு கண்ணு போனுல. அவ விரலு என் ஊசியில மாட்டினா யாரு பதில் சொல்றது? நானே ரெண்டு பக்கமும் பாத்துக்குறேன்னுட்டேன்."

முடிச்சு ஒரு பக்கம் போட்டால் போதும் என்று வரைபடத்தில் இருக்கிறதாம். இவர் இரண்டு பக்கமும் போடுகிறார். இருதயராஜ் இரண்டு நாள் வாதாடிப் பார்த்திருக்கிறார். கடைசியில் முடிச்சுகளின்மேல் துணிப்பட்டை ஒட்டிச் சாயம் பூசிவிடப் போகிறோம், யார் கண்ணிலும் படப்போவதில்லை என்று விட்டுவிட்டார். இருபதாம் தேதி லாரி வந்துவிடும். அதற்குள் நான்காவது இறக்கை முடியாவிட்டால் பசைபோட்டு ஒட்டிவிடலாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தவரை பாயம்மா பார்த்த பார்வையில், மனிதர் காதிலிருந்த பென்சிலைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

நான் செய்த தவறு மூன்றாவது வாரத்தில். இறக்கையின் மறுபக்கம் நின்று முடிச்சுகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக் என்று கேட்டது. எனக்கு எப்போதும் வாயும் கையும் சும்மா இருக்காது. விளையாட்டாக விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

ஊசி வரவில்லை. வெகுநேரம் எதுவும் வரவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஃபக்ருன்னிசா ஊசியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைக் கண்டதும், ஏதோ ஒன்று வடிந்தாற்போல உடம்பு தளர்ந்தது.

"நீயா?" என்றார். "அத்த செய்யாத நைனா. இனிமே அத்த செய்யாத."

அன்று அதற்குப் பிறகு ஒரு தையல்கூடப் போடவில்லை. டிபன் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டு மூன்று மணிக்கே பேருந்துக்குப் போய்விட்டார். எதைத் தொட்டேன் என்று தெரியவில்லை. தொடக்கூடாததைத் தொட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். மதிய இடைவேளை, மாணவர்கள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். இறக்கை மாட்டாத விமானத்தின் உடல் கொட்டகையின் நடுவில் முக்காலிகள்மேல் இருந்தது. பக்கத்தில் ஏணி. "ஏறு" என்றார். "நீ முன்னாடி குந்து." நான் ஓட்டுபவரின் இடத்தில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டேன். ஏணி கிறீச்சிட்டது, எனக்குப் பின்னால் பாயம்மா, முழங்கால் சத்தத்தோடு, துப்பாக்கிக்காரரின் இடத்தில் இறங்கினார். அவர் முதுகு என் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில்.

"கேக்குதா?"

"கேக்குதும்மா."

"திரும்பாத. முன்னாடி பாத்துகினே குந்து. மூஞ்சியப் பாத்தா எனக்கு வராது."

எதிரே தகரச் சுவரில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டேன்.

"மண்ணூர்பேட்டைல கூடாரம் தைக்கிற கம்பெனி ஒண்ணு இருந்துச்சி. மில்ட்ரிக்கு. இப்ப மூடிட்டாங்கோ. நானும் பஞ்சவர்ணமும் பதினாலு வருசம் ஜோடி. மூலைல கவுறு கட்ற வளையம் கீதுல்ல, அங்க மிஷின் போவாது. நாலு மடிப்பு துணி, மேல தோலு. கையாலதான் தைக்கணும். ஒருத்தி கூடாரத்துக்கு உள்ள, ஒருத்தி வெளிய. மூஞ்சி தெரியாது. ரெண்டு தட்டு தட்டுனா, ஊசி வர்து, கைய எடுன்னு அர்த்தம். அந்தாண்டருந்து ஒரு தட்டு வந்தா, எடுத்துட்டேன், வான்னு அர்த்தம். பதினாலு வருசத்துல அவ விரல்ல நான் குத்துனது இல்ல, என் விரல்ல அவ குத்துனது இல்ல."

நேற்று நான் தட்டியது என்னவென்று அப்போது புரிந்தது.

"நோன்பு மாசம்" என்றார். "கூடாரத்துக்கு உள்ள என் எடம். உள்ள அனலு. பஞ்சு சொன்னா, ஏய், நீ தண்ணிகூட குடிக்காம கீற, நீ வெளிய வா, நான் உள்ள போறேன்னா. நோட்டுல அவ பேரு வெளிய, என் பேரு உள்ள. நாங்க மாத்திக்கினது யாருக்கும் தெரியாது. மூணு மணிக்கு எனக்குக் கண்ண இருட்டிகினு வந்துச்சி. முடிச்சுக்கு மூணு சுத்து. ஒரு மூலைல ரெண்டு சுத்தோட வுட்டுட்டேன் போல."

அந்தக் கூடாரத்தைத்தான் இரண்டு நாள் கழித்து முற்றத்தில் கட்டிக் காட்டினார்கள். பார்க்க வந்த அதிகாரிகள் அதற்குள் நின்றுகொண்டிருக்கும்போது காற்று அடித்தது. வெளிமூலை பிய்ந்து, கூடாரம் அப்படியே அவர்கள் தலைமேல் உட்கார்ந்துவிட்டது. "தொப்பியும் அதுவுமா தவந்துகினு வந்தாங்கோ" என்று சொல்லும்போது பாயம்மாவுக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது.

"சூப்பர்வைசர் நடேசன் நோட்டத் தொறந்தாரு. வெளிய பஞ்சவர்ணம்னு போட்டுகீது. என்னம்மா சொல்றீங்கன்னு ரெண்டு பேரையும் கேட்டாரு. பஞ்சு என்னப் பாத்தா. நான் தரையப் பாத்தேன். எங்கூட்டுக்காரரு அப்ப படுத்த படுக்க. ஜமீரு பத்தாவது. நோன்பு வச்ச வாயி நைனா. பொய் சொல்லல. தொறக்கவே இல்ல. தொறக்காட்டி அது பொய் இல்லன்னு நெனச்சேன்."

அன்று சாயங்காலமே பஞ்சவர்ணத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"அப்புறம் போய்ப் பார்க்கலியாம்மா?"

"நாளிக்கி போலாம்னு இருந்தேன். நாளிக்கி, நாளிக்கின்னு ஒரு பெருநாளு போச்சி. அடுத்த மாசம் எங்கூட்டுக்காரரு போய்ட்டாரு. அடுத்த பெருநாளும் போச்சி. அப்பால எந்த மூஞ்சிய வச்சிகினு போறது? பஞ்சு கள்ளிக்குப்பத்துல எங்கியோ ஊடு மாத்திகினு போய்ட்டான்னு சொன்னாங்கோ. பத்தொம்போது வருசம். உன்மேல கோவம் இல்ல. நீ ஒரு தட்டு தட்டுனியா, ஒரு நிமிசம் அவதான் வந்துட்டான்னு நெனச்சிகினேன். அத்தச் சொல்லத்தான் கூப்ட்டேன். எறங்கு."

இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். என் மூக்கு அப்படிப்பட்டதல்ல. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பத்துத் தெருக்களில், தையல் வேலை செய்கிற பஞ்சவர்ணம் வீடு எது என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற ஒரு கடையில் வழி சொன்னார்கள். சந்துக்குள் மூன்றாவது வீடு. பச்சைச் சாயம் பூசிய தகரக் கதவு. உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் உயரமானவர். எழுபது இருக்கலாம். மடியில் ஒரு ஜாக்கெட்டும் வாயில் நான்கு கொக்கிகளுமாக இருந்தார். தையல் வேலை செய்யும் பெண்களைப் பற்றி எழுதுகிறேன் என்று புளுகினேன். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் ஒரு பாயம்மாகூட என்று ஆரம்பித்ததுமே கையை நீட்டி டிவியை அணைத்தார். கொக்கிகளை வாயிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார்.

"இன்னும் ரெண்டு தட்டு தட்றாளா?"

"தட்டறாங்க."

"யாரு பதில் தட்றா?"

"யாரும் இல்லம்மா."

அவர் ஜாக்கெட்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். "நடேசனாண்ட நான் ஒரு வார்த்த சொல்லிருந்தா அவ போயிருப்பா. ஊட்டுக்காரரு கெடையில கெடந்தாரு. போவட்டும்னு நான் வந்துட்டேன். வேல போனதுக்கு நான் அழுவல. எதுத்தாப்புல நின்னுகினு தரையப் பாத்தா பாரு, அதுக்குத்தான் அழுதேன். என்னிக்கினா வந்து, பஞ்சு, தப்புதாண்டின்னு ஒரு வார்த்த சொல்லுவா, சொன்னா போதும்னு கதவு சத்தம் கேக்கசொல்லோ எல்லாம் பாப்பேன். கேஸுக்காரன் வருவான், பால்காரன் வருவான்."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நான் சொன்னேன்னு அவளாண்ட மூச்சு விடாத. நீ சொல்லி அவ வந்தா அது உன் வார்த்த. அவளா வரட்டும். தொறக்கறதா இல்லியான்னு அப்ப பாத்துக்குறேன்." பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவராக, "அவளுக்கு நொட்டாங்கை. முடிச்சு இடப்பக்கம் சாயும். என்னுது வலப்பக்கம். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, எதிர் எதிரா நிக்கும், பாக்க அழகா இருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனதும் நேராக இறக்கைக்குப் போனேன். குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். இந்தப் பக்கத்து முடிச்சுகள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்து, அச்சில் வார்த்ததுபோல வரிசையாக இருந்தன. மறுபக்கத்து முடிச்சுகள் வலது பக்கம் சாய்ந்திருந்தன. கோணல்மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, பழகாத கையால் பிடிவாதமாகப் போட்ட முடிச்சுகள். முதல் இறக்கையிலிருந்தே அப்படித்தான். மூன்று மாதமாக ஃபக்ருன்னிசா இறக்கையைச் சுற்றி நடந்து போய்ப் பஞ்சவர்ணத்தின் முடிச்சைப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். அதன்மேல் பட்டை ஒட்டிச் சாயம் பூசிவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

சொல்லிவிடலாமா என்று நூறு முறை தோன்றியது. போய்ப் பாருங்கம்மா, காத்துக்கொண்டிருக்கிறார் என்று மூன்றே வார்த்தை. ஆனால் கள்ளிக்குப்பத்து வாசலில் நின்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேனே. பாயம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நான்காவது இறக்கை பதினெட்டாம் தேதி முடிந்தது. கடைசி முடிச்சு மறுபக்கத்தில், வலது கையால். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, அனுப்புவதற்கு ஊசி எதுவும் இல்லாதபோதும், பழக்கத்தில் கை தானாகப் போய் இரண்டு தட்டுத் தட்டியது. தட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள், இருதயராஜ் மிக்சரும் லட்டும் வாங்கிவரச் சொல்லியிருந்தார். பவ்யா பாயம்மாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். எல்லாரும் கலைந்த பிறகு, நாளைக்குக் காலை ஒன்பதரைக்கு எங்கே போவது என்று தெரியாதவர்போல, அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இருபதாம் தேதி இரண்டு லாரிகள் வந்தன. ஒன்றில் நான்கு இறக்கைகளும் போர்வை சுற்றி ஏறின. மற்றதில் விமானத்தின் உடல். அதைக் கட்டும்போது, என்ஜின் பக்கம் பாரம் அதிகம், வழியில் முன்னால் சாயும் என்று லாரிக்காரர் சொல்ல, இருதயராஜ் யோசித்து, கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு சாக்கு மணல் கொண்டுவரச் செய்து பின்னிருக்கையில் இறக்கினார். கயிறுபோட்டுக் கட்டினார்கள்.

பாயம்மா அன்று வேலை இல்லாமலேயே வந்திருந்தார். லாரிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து அந்த மூட்டையைப் பார்த்தார்.

"திருப்பியும் மூட்டையா?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

லாரிகள் கல்லூரி வாசலைத் தாண்டி, நெடுஞ்சாலையின் கன்டெய்னர்களோடு கலந்து மறையும்வரை அங்கேயே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நைனா, கள்ளிக்குப்பத்துல அவ ஊடு உனுக்குத் தெரியும்ல?"

"எப்படிம்மா..."

"திங்கக்கெழம நீ தரையப் பாத்தியே. எனுக்குத் தெரியாதா அந்தப் பார்வ? அவ இன்னா சொன்னான்னு கேக்கல. சொல்லாத. ஊட்ட மட்டும் காட்டு."

ஆட்டோவில் போனோம். அம்பத்தூர் வரும்வரை பாயம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஓதுதலா, ஒத்திகையா, நான் கேட்கவில்லை. சந்து முனையில் இறங்கியதும், மூன்றாவது வீடு என்று கை காட்டினேன். "நீ இங்கியே நில்லு" என்றார். மதியம் மூன்று மணி வெயில். சந்தில் ஒருவரும் இல்லை. பச்சைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

ஃபக்ருன்னிசா போய்க் கதவுக்கு முன்னால் நின்றார். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார். அழைப்பு மணிக்கான பொத்தான் கண்ணுக்கு நேரே இருந்தது, அதைத் தொடவில்லை. இடது கையைத் தூக்கினார். விரலில் அந்தப் பித்தளைத் தொப்பி இன்னும் இருந்தது.

தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக்.

உள்ளே டிவி நின்றது.

ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. இன்னொரு மூச்சு நேரமும் ஆயிற்று. இந்தத் தடவை அவர் மறுபக்கம் போக நடக்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் கதவின்மேல் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.